மன்னார்குடி வீட்டுக்கு ஜெனரேட்டர்: பெட்ரோலா, டீசலா?

02 அக்டோபர் 2024, மாலை. சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

மன்னார்குடி பக்கம் கிராமத்து வீடு. அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66, இரண்டே பேர். கஜா புயல் அடித்தபோது நான் இங்கே சிங்கப்பூரில் இருந்தேன். நான்கு நாள் போன் போகவில்லை. இந்த மழைக்கு முன்னால் ஒரு ஜெனரேட்டர் வாங்கி வைத்துவிட வேண்டும். கடைக்காரர் 5 கேவிஏ (மெஷினின் சக்தி அளவு, 1 கேவிஏ என்பது 1000 விஏ) டீசல், சைலன்ட் மாடல்தான் சரி, வீடு முழுக்க ஓடும் என்கிறார். மச்சான் சின்ன பெட்ரோல் மெஷினே போதும் என்கிறார். வீட்டில் 1 எச்பி சப்மெர்சிபிள் (போருக்குள் இறக்கிய மோட்டார்), ஃபிரிட்ஜ், நான்கு ஃபேன், டிவி. இன்வெர்ட்டர் ஏற்கெனவே உண்டு, 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி. அம்மா இன்சுலின் போடுகிறார். எதை வாங்க?

02 அக்டோபர், இரவு

தம்பி, பெட்ரோலா டீசலா என்பது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி தண்ணீர்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் தோப்பு வழியாகத்தான் போனது. விடிந்து பார்த்தால் தென்னை எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தது. கம்பங்களும் கூடவே. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப 34 நாள் ஆனது. அந்த 34 நாளில் ஃபேன் இல்லையே என்று அழுதவர் யாருமில்லை. கார்த்திகை மாதம், குளிர். இரண்டாம் நாள் சாயங்காலம் மேல்தொட்டி காலியானதும்தான் தெருவே ஆடிப்போனது. ஐந்தாம் நாள் டிராக்டரில் ஆல்டர்நேட்டர் (சுழற்றினால் மின்சாரம் தரும் கருவி) பூட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். வீட்டுக்கு 300 ரூபாய், 20 நிமிடம், தொட்டி நிரம்பும் அளவுக்கு. கேட்ட காசைக் கொடுத்தோம். அந்த டிராக்டர் சத்தம் கேட்டதும் குடத்தோடு வாசலுக்கு ஓடிவந்த முகங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

அதனால் உங்கள் வீட்டில் ஜெனரேட்டர் எதை ஓட்ட வேண்டும் என்றால், முதலில் அந்த 1 எச்பி மோட்டாரை. ஃபிரிட்ஜ் அடுத்தது. மற்றதை இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும்.

03 அக்டோபர்

கணக்கு சுலபம். 1 எச்பி என்பது 746 வாட். மோட்டார் நஷ்டம் எல்லாம் சேர்த்து 1100, 1200 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.2 கேவிஏ பெட்ரோல் மெஷின் தாராளமாக இழுக்கும். உங்கள் மச்சான் சொன்னதே சரி.

05 அக்டோபர், சனிக்கிழமை

மேலே நான் எழுதியது தப்பு. அடித்துவிடாமல் விட்டுவைக்கிறேன், இன்னொருவரும் இதே கணக்கைப் போடுவார்.

நேற்று ஒயர்மேன் வந்தபோது கிளாம்ப் மீட்டரை எங்கள் போர் மோட்டார் ஒயரில் மாட்டிப் பார்த்தோம். அதுவும் 1 எச்பி, சிங்கிள் ஃபேஸ். ஓடும்போது 7.6 ஆம்பியர், அதாவது 1700 விஏ-க்கு மேல். தொடங்கும் அந்த ஒரு நொடியில் முள் 30-ஐத் தாண்டிப் போய்த் திரும்பியது. 2.2 கேவிஏ மெஷினில் மாட்டியபோது நடந்தது இதுதான்: மெஷின் ஒரு தடவை உறுமியது, பிறகு தொண்டை அடைத்த மாதிரி அமுங்கியது, ஸ்டார்ட்டர் டப்பாவுக்குள் கட கடவென்று சத்தம், பல்பு மஞ்சளாகி அணைந்தது. மோட்டார் திரும்பவில்லை. இரண்டாவது தடவை முயல ஒயர்மேன் விடவில்லை. "காயில் போயிடும் அண்ணே, இறக்குற கூலி நீங்க தருவீங்களா?" என்றார்.

ஆக, 1 எச்பி சப்மெர்சிபிளை நம்பிக்கையாகக் கிளப்ப 4, 5 கேவிஏ வேண்டும். கடைக்காரர் பாதி சரி. ஆனால் இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். ஒரு நாளைக்கு 20 நிமிடம் ஓடும் மோட்டாருக்காக 5 கேவிஏ வாங்கி, மீதி நேரமெல்லாம் அதை ஒரு ஃபிரிட்ஜுக்காக ஓட்டுவதா?

வீட்டில் தரைத்தொட்டி இருந்தால், அதிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்ற அரை எச்பி மோனோபிளாக் (தரைமேல் வைக்கும் சின்ன மோட்டார் பம்பு) ஒன்று வைக்கலாம். எங்கள் வீட்டில் அது 2.2-லேயே ஒரு முக்கு முக்கிவிட்டு ஓடிவிட்டது. புயல் அறிவிப்பு வந்தவுடன் தரைத்தொட்டி, மேல்தொட்டி, அண்டா, குண்டா எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டால் இரண்டு பேருக்கு ஒரு வாரத்துக்கு மேல் வரும்.

06 அக்டோபர்

இப்போது எரிபொருள்.

டீசல் மெஷின் நீண்ட ஓட்டத்துக்கு. கல்யாண மண்டபம், ஐஸ் கடை, நாள் முழுக்க வேலை. லிட்டருக்குக் கூடுதல் யூனிட் தரும், தேய்மானம் குறைவு. ஆனால் பெரிய மெஷினில் சின்னச் சுமையை மணிக்கணக்கில் ஓட்டினால் கார்பன் பிடித்துக்கொள்ளும், புகை கறுத்துப்போகும், எண்ணெய் ஒழுகும். இன்னொன்று, டேங்க் தீர்ந்து நின்றுவிட்டால் டீசல் ஊற்றினால் மட்டும் போதாது. பைப்பில் ஏர் எடுக்க வேண்டும். ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி, கையால் பம்ப் அடித்து, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை. தோப்பில் ஆயில் இன்ஜின் ஓட்டிய தலைமுறைக்கு அது தண்ணி பட்ட பாடு. 71 வயதில் மழையில் டார்ச் பிடித்துக்கொண்டு செய்யச் சொல்ல முடியுமா? எடையும் 150 கிலோவுக்குக் குறையாது. வைத்த இடத்தில்தான் இருக்கும். அந்த இடத்தில் தண்ணீர் ஏறினால் அதோடு கதை முடிந்தது.

பெட்ரோல் மெஷின் லேசு, விலை குறைவு, ஒரு மூலையில் கிடக்கும். ஆனால் குடிக்கும். என் மெஷினில் ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் சார்ஜ், இரண்டு ஃபேன், எல்லாம் சேர்த்துச் சராசரி 500 வாட் போட்டு நேரம் பார்த்தேன். ஒரு லிட்டர் 1 மணி 40 நிமிடம் வந்தது. லிட்டர் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் என்றால் ஒரு யூனிட் ஏறக்குறைய 120 ரூபாய். ஈபியில் முதல் 100 யூனிட் இலவசமாக வாங்கிப் பழகிய நமக்கு நெஞ்சு அடைக்கும். ஆனால் வருடத்தில் பத்து நாள், நாளைக்கு மூன்று மணி நேரம் என்றால் மொத்தம் இருபது லிட்டர்கூட ஆகாது. அந்தச் சின்னச் செலவை மிச்சம் பிடிக்க டீசலுக்கு இன்னும் அரை லட்சம் போடுவதில் அர்த்தமில்லை.

06 அக்டோபர், பத்து நிமிடம் கழித்து

ஒரு விதிவிலக்கு. தோப்பில் பழைய பீட்டர் ஆயில் இன்ஜின் இருந்தால் அதற்கு பெல்ட் போட்டு 3 கேவிஏ ஆல்டர்நேட்டர் பூட்டலாம். அப்பா காலத்தில் எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு அப்படித்தான் வெளிச்சம். சத்தம் மூன்று கிலோமீட்டர் கேட்கும், திருடன் வரமாட்டான். பக்கத்து வீட்டுக்காரரும் வரமாட்டார்.

09 அக்டோபர்

மண்ணெண்ணெய், கேஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

மண்ணெண்ணெய் மெஷின் ஒரு காலத்தில் கடைக்குக் கடை இருந்தது. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும், நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோல். ரேஷனில் தாராளமாகக் கிடைத்தவரை சரி. இப்போது அது கிடைப்பதே பெரும்பாடு. மறந்துவிடுங்கள்.

கேஸ் சுத்தமானது, கெட்டுப்போகாது, கார்புரேட்டர் அடைக்காது. உண்மையில் ஆசை காட்டும் விஷயம்தான். ஆனால் வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் சமையலுக்கு மட்டும்தான், மெஷினுக்கு மாட்டுவது சட்டவிரோதம். 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்கலாம். சாலை முழுக்கத் தென்னை விழுந்து கிடக்கும் வாரத்தில் அந்த வண்டி எப்போது வரும் என்று நீங்களே யோசியுங்கள்.

11 அக்டோபர், ஆயுத பூஜை

காலையில் மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, வீட்டு ஜனம் முன்னால் கயிற்றை இழுத்தேன். கிளம்பவில்லை. பதினான்கு தடவை. பேரன் எண்ணிக்கொண்டே இருந்தான்.

போன வாரம் ஓடிய மெஷின்தானே என்பீர்கள். அது ஒயர்மேனுடைய மெஷின். மேலே தெளிவாகச் சொல்லாமல் விட்டேன். 06-ஆம் தேதிக் கணக்கு மட்டும் என் மெஷினில் எடுத்தது, ஆனால் அது போன வருடம் நோட்டில் குறித்து வைத்தது. என் மெஷின் மார்ச்சுக்குப் பிறகு கிளப்பப்படவே இல்லை. உபதேசம் ஊருக்கு.

கார்புரேட்டர் அடியில் இருக்கும் கிண்ணத்தைக் கழற்றினேன். உள்ளே தேன் நிறத்தில் கெட்டியாக ஒரு பிசின், மூக்கைத் துளைக்கும் புளித்த வாடை, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்தே வருகிறது, அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆறு மாதம் டேங்கில் விட்டால் இதுதான் கதி. மெயின் ஜெட் ஓட்டையில் ஊசி நுழையவில்லை. பிரேக் ஒயரின் ஒற்றை இழையை விட்டு ஊதியபிறகு, புதுப் பெட்ரோலில் நான்காவது இழுப்பில் கிளம்பியது.

பெட்ரோல் மெஷின் வாங்கினால் இரண்டு வேலை: வைக்கும்போது பெட்ரோல் குழாயை மூடிவிட்டு அது தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள், கிண்ணம் காய்ந்துவிடும். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் சுமையோடு ஓட்டுங்கள். டீசலிலும் தண்ணீர் இறங்கி அழுக்குப் பிடிக்கும்தான், ஆனால் இத்தனை சீக்கிரம் அது பழிவாங்காது. இந்த ஒரு விஷயத்தில் டீசலுக்கு ஒரு மார்க்.

11 அக்டோபர், மதியம்

சேமிப்பு பற்றி ஒரு வரி. விற்பனைக்கு இல்லாமல் 30 லிட்டர் வரை பெட்ரோலை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் இறுக்கி மூடிய உலோகக் கேனில். தண்ணி பாட்டிலில் அல்ல. டீசலுக்கு வரம்பு மிகப் பெரியது, 2500 லிட்டர். எனக்கு 10 லிட்டர் தகரக் கேன் ஒன்று. அக்டோபரில் நிரப்புவேன், பொங்கலுக்கு மேல் பைக்கில் ஊற்றிவிடுவேன். சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

13 அக்டோபர்

இன்னொரு வாசகர் கேட்டது: மூன்று மணி நேரம் ஜெனரேட்டர் ஓட்டினால் இன்வெர்ட்டர் பேட்டரி நிரம்பிவிடுமா? நானும் அப்படித்தான் பல வருடம் நம்பினேன். நிரம்பாது. 150 ஏஎச், 12 வோல்ட் என்றால் பெயருக்கு 1800 வாட்-மணி, கைக்கு வருவது 1200 சொச்சம். சாதாரண இன்வெர்ட்டர் சார்ஜர் 200 வாட் அளவில்தான் உள்ளே தள்ளும். மூன்று மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு. முழுக்க நிரப்ப எட்டு, பத்து மணி நேரம்.

ஆகவே பேட்டரியை நிரப்புவதைவிடச் செலவைக் குறைப்பது லாபம். சாதாரண ஃபேன் 75 வாட், மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட். படுக்கையறையிலும் கூடத்திலும் இரண்டை மாற்றினால், விளக்கோடு சேர்த்து 7 மணி நேரம் வந்தது 15 மணி நேரம் வரும். ஜெனரேட்டரில் போடும் காசில் ஆறாயிரம், ஏழாயிரத்தை முதலில் இங்கே போடுங்கள்.

ஜெனரேட்டரிலிருந்து சார்ஜ் ஏறவே இல்லை என்று சிலர் சொல்வார்கள். இன்வெர்ட்டர் பின்னால் சின்ன சுவிட்ச் இருக்கும், யூபிஎஸ் மோடில் இருந்தால் ஜெனரேட்டரின் ஏற்ற இறக்கத்தை அது ஏற்காது. நார்மலுக்குத் தள்ளுங்கள்.

13 அக்டோபர், இரவு

இத்தனை எழுதியும் கேட்க மறந்த கேள்வி: கயிற்றை இழுப்பது யார்?

நான் 54. பதினான்கு இழுப்பில் தோள்பட்டை இரண்டு நாள் எண்ணெய் கேட்டது. உங்கள் அப்பா? செல்ஃப் ஸ்டார்ட் மாடல் வாங்குங்கள். ஆனால் செல்ஃபுக்கு இருக்கும் சின்ன பேட்டரி, ஆறு மாதம் கிடந்தால் அதுவும் செத்துக் கிடக்கும். திரும்பவும் மாதம் ஒருமுறை ஓட்டும் கதைக்கே வந்து சேர்கிறோம். தெருவில் ஒரு பையனைப் பிடித்து, மாதம் 100 ரூபாய், முதல் ஞாயிறு வந்து கிளப்பிவிட்டுப் போ என்று சொல்லி வையுங்கள். கடைக்காரரின் வாரன்டியைவிட அது உதவும்.

19 அக்டோபர்

புகை. இதை விளையாட்டாக எழுத எனக்கு வராது.

2018, ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, மழை. இரவல் மெஷினை நனையாமல் வைக்க மாடிப்படிக்குக் கீழே தள்ளினேன். ஒரு மணி நேரத்தில் அம்மா தலை கனக்கிறது என்றார், குமட்டுகிறது என்றார். கஞ்சி சேரவில்லை என்று நினைத்தோம். எனக்கும் நெற்றிப்பொட்டு தெறிக்க ஆரம்பித்தபிறகுதான் மண்டையில் ஏறியது: படிக்கட்டுக்குப் பக்கத்தில் குளியலறை வென்டிலேட்டர். அது வழியாகப் புகை நேரே அம்மா படுத்திருந்த அறைக்கு. வாசனைகூடப் பெரிதாக இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அம்மாவைக் கைத்தாங்கலாகத் திண்ணைக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். அரை மணி நேரம் கழித்து "காபி போடு" என்றார். அந்தக் காபியை நான் போட்ட கை நடுக்கத்தில் பாதி அடுப்பில்தான் கொட்டியது.

வீட்டிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி, சன்னலுக்கு எதிர்ப்பக்கம் புகைக்குழாய், மேலே நான்கு கால் நட்டுத் தகரம், பக்கவாட்டில் திறந்தபடி. போர்டிகோவும் வேண்டாம், மாடிப்படியும் வேண்டாம்.

20 அக்டோபர்

சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (ஈபி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்ப்பது) இல்லாமல் வீட்டு ஒயரிங்கில் ஜெனரேட்டரைக் கோர்க்காதீர்கள். இரண்டு பக்கமும் ஆண் பின் வைத்த ஒயரை பிளக்கில் சொருகி வீடு முழுக்க வெளிச்சம் கொண்டுவரும் கெட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மெயினை இறக்க மறந்தால் அந்த மின்சாரம் மீட்டர் வழியே வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாகக் கம்பியில் நிற்கும்.

கஜாவுக்குக் கம்பம் நட வெளி மாவட்ட ஆட்களோடு கேரளத்து ஆட்களும் வந்தார்கள். எங்கள் தெருவில் ஏறும் முன் அவர்களில் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், இடுப்பில் கயிற்றோடு வீடு வீடாக வந்தார். அரைத் தமிழில் ஒரே கேள்வி: "ஜெனரேட்டர் உண்டா? எங்க கனெக்சன்?" என் வீட்டுக்கும் வந்து, சும்மா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான் என்று நான் சொன்னதை நம்பாமல், கொல்லைப்புறம் போய் ஒயர் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார். பிறகும் மேலே ஏறிக் கம்பிகளை எர்த் சங்கிலியால் கட்டியபிறகே கை வைத்தார். எனக்கு அன்று கொஞ்சம் கோபம்தான் வந்தது. இப்போது வரவில்லை.

21 அக்டோபர்

மாடி சோலார் இருக்கிறதே, அது போதாதா என்று இந்த வருடம் மானியத்தில் போட்டவர்கள் கேட்கிறார்கள். பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு சேர்த்துப் போட்ட சோலார், லைனில் மின்சாரம் போனதும் தானும் நின்றுவிடும். கெடுதல் இல்லை, அந்தக் கம்பத்தில் ஏறும் ஆளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் 3 கிலோவாட் பலகைக்குக் கீழே விசிறிமட்டையோடு உட்கார்ந்திருப்பது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

01 நவம்பர், தீபாவளிக்கு மறுநாள்

என் அம்மாவிடம் இந்த விவகாரத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவங்க வீட்டுல அடி பம்பு இருக்கான்னு கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லை. எங்கள் கொல்லையில் ஒன்று துருப்பிடித்து நிற்கிறது, துணி காயப்போடத்தான் பயன்படுகிறது. டெல்டாவில் பல இடங்களில் தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில்தான். கஜா சமயத்தில் மேலத்தெருவில் ஒரு வீட்டு அடி பம்புதான் முதல் நான்கு நாள் பாதி ஊருக்குச் சோறு பொங்கியது. நான் டிராக்டர் கதையை மட்டும் எழுதினேன், பம்பு கதையை விட்டுவிட்டேன். மெஷின் பைத்தியம் அப்படி.

தம்பி, இருந்தால் வாஷர் மாற்றி வையுங்கள். இன்சுலினுக்கும் அம்மா ஒரு வழி சொன்னார்: நனைத்த மணல் போட்ட பெரிய பானைக்குள் சின்னப் பானை. திறந்து பயன்படுத்தும் மருந்துக்கு அது உதவும் என்று கேட்டிருக்கிறேன், ஆனால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். திறக்காத மருந்துக்கு ஃபிரிட்ஜ்தான். கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். காலையில் ஒன்றரை மணி, மாலையில் ஒன்றரை மணி ஓட்டி, நடுவில் உறைந்த தண்ணீர் பாட்டில்களை உள்ளே அடுக்கி ஒப்பேற்றலாம்.

02 டிசம்பர்

ஃபெங்கல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறிவிட்டது. விழுப்புரம், புதுச்சேரியில் இருப்பவர்கள் நிலைமை மோசம். நமக்கு மழையோடு போயிற்று. பட்டுக்கோட்டையில் மின்சாரம் போனது மொத்தம் ஐந்து மணி நேரம். இன்வெர்ட்டரே போதுமாக இருந்தது. நிரப்பி வைத்த அண்டாக்களைப் பார்த்து வீட்டம்மா சிரித்தார்.

06 டிசம்பர்

தம்பி எழுதியிருக்கிறார்: 5 கேவிஏ டீசல் வாங்கவில்லை. தரைத்தொட்டியில் அரை எச்பி மோட்டார், 2.5 கேவிஏ பெட்ரோல் செல்ஃப் ஸ்டார்ட், சேஞ்ச் ஓவர், இரண்டு பிஎல்டிசி ஃபேன். கொல்லையில் அடி பம்பு இருந்திருக்கிறது, தென்னங்கீற்றுக்குப் பின்னால். அப்பாவே தோல் வாஷர் வாங்கி மாட்டிவிட்டாராம், 40 ரூபாய். முதலில் ஒரு சொம்பு தண்ணீரை மேலே ஊற்றி அடித்ததும் செம்மண் கலரில் வந்து, பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டது.

நல்லது. மூன்று ஃபேஸ் இணைப்பு வாங்கும் யோசனை இருந்தால் மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள், இந்த மெஷினில் மூன்று ஃபேஸ் மோட்டார் ஓடாது.

05 ஜனவரி 2025, ஞாயிறு

என் மெஷின், இரண்டாவது இழுப்பில். பேரனுக்கு எண்ண வேலை இல்லை.

மன்னார்குடியில் கிளப்பியாயிற்றா?

05 ஜனவரி, மாலை

அப்பாவே கிளப்பிவிட்டாராம். பையன் எட்டரைக்கு வந்தானாம், அதற்கு முன்னாலேயே. நிறுத்தும்போது பெட்ரோல் குழாயை மூடச் சொல்லுங்கள்.

05 ஜனவரி, இரவு

மூடவில்லையாம். நாளைக்குக் காலையில்.